நோர்பொட்டன் மாவட்டம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சுவீடனின் வடகோடி மாவட்டமான நோர்பொட்டனின் நிலம், ஆறுகள், ஊர்கள், நிர்வாகம் பற்றி வழக்கமாக எழும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறோம். நிலம், நிர்வாகம் என்று இரண்டாகப் பிரித்து எழுதவில்லை. இந்த மாவட்டத்தில் ஒன்றைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல முடியாது.

நோர்பொட்டன் எங்கே இருக்கிறது? எவ்வளவு பெரியது?

சுவீடன் வரைபடத்தின் மேல்பகுதி முழுக்க நோர்பொட்டன்தான். மேற்கே நார்வே, கிழக்கே பின்லாந்து, தென்கிழக்கே பொத்னியா வளைகுடா, தெற்கே வெஸ்டர்பொட்டன் மாவட்டம். மூன்று நாடுகளின் எல்லையும் சந்திக்கும் இடம் வடமுனையில் ஒரு சிறிய ஏரிக்குள் இருக்கிறது. அங்கே ஒரு கான்கிரீட் மேடு கட்டி வைத்திருக்கிறார்கள். அதைச் சுற்றி நடந்தால் ஒரு நிமிடத்துக்குள் மூன்று நாடுகளுக்கும் போய் வந்துவிடலாம்.

ஏரிகளைக் கழித்த நிலப்பரப்பே ஏறத்தாழ 97,000 சதுர கிலோமீட்டர். சுவீடனில் நான்கில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். ஆஸ்திரியா, போர்ச்சுகல் ஆகிய முழு நாடுகளைவிடவும் இது பெரியது. ஆனால் இங்கே வாழ்பவர்கள் சுமார் இரண்டரை லட்சம் பேர்தான், அதாவது சதுர கிலோமீட்டருக்கு இரண்டு அல்லது மூன்று பேர். இந்த இரண்டு எண்களையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மாவட்டத்தின் பெரும்பாலான அரசியல் சண்டைகளுக்கு இவைதான் காரணம்.

அந்த இரண்டரை லட்சம் பேரும் எங்கே வாழ்கிறார்கள்?

பெரும்பாலும் கடற்கரையை ஒட்டித்தான். தலைநகர் லூலியோ, அதற்குத் தெற்கே பிதியோ, உள்ளே கொஞ்சம் தள்ளி பூடன். இந்த மூன்று கொம்யூன்களிலேயே, அதாவது உள்ளாட்சிப் பகுதிகளிலேயே, மக்கள்தொகையில் பாதிக்கு மேல் அடங்கிவிடும். லூலியோவில் பெரிய எஃகு ஆலையும் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் இருக்கின்றன. ஃபேஸ்புக் ஐரோப்பாவில் தன் முதல் தரவு மையத்தை 2013-இல் இங்கேதான் திறந்தது. குளிர்ந்த காற்றும் ஆற்றிலிருந்து கிடைக்கும் மலிவான மின்சாரமும்தான் அதை இழுத்துவந்தன. பூடன் படைநகரம்.

உள்நாட்டுப் பக்கம் போகப்போக ஊர்கள் அருகிவிடும். கிருணா, யெல்லிவாரே இரண்டும் சுரங்கத்தால் வாழும் ஊர்கள். தென்மேற்கில் ஆர்யெப்லோக் கொம்யூனில் மூவாயிரம் பேர்கூட இல்லை, பரப்போ பன்னிரண்டாயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேல். குளிர்காலத்தில் மட்டும் அங்கே கூட்டம் கூடும். உறைந்த ஏரிகளின் மேல் ஓடுபாதை அமைத்து, ஐரோப்பியக் கார் நிறுவனங்கள் இன்னும் சந்தைக்கு வராத வண்டிகளை ஓட்டிச் சோதிக்கின்றன.

இந்த மாவட்டம் எப்போது உருவானது?

1810-இல். அதற்கு முன் இது வெஸ்டர்பொட்டன் மாவட்டத்தின் பகுதியாக இருந்தது. 1808-09 போரில் சுவீடன் ரஷ்யாவிடம் பின்லாந்தை இழந்தது. புதிய எல்லை தோர்ன ஆற்றின் வழியாக வகுக்கப்பட்டது. இரு கரையிலும் ஒரே மொழி பேசி, ஒருவருக்கொருவர் பெண் கொடுத்துப் பெண் எடுத்து, ஒரே தேவாலயத்துக்குப் போய்வந்த கிராமங்கள் ஒரே கையெழுத்தில் இரண்டு நாடுகளுக்குப் பிரிந்தன. எஞ்சிய வடக்கைத் தனியாகக் கவனிக்க வேண்டிய தேவை வந்ததால் மறு ஆண்டே புது மாவட்டம் பிறந்தது.

அந்தப் பகுதியின் சந்தை நகரமான தோர்னியோ ரஷ்யா பக்கம் போய்விட்டது. அதற்கு ஈடாக எல்லையின் இந்தப் பக்கம் ஹாபராண்டா என்ற ஊர் வளர்ந்து 1842-இல் நகர அந்தஸ்து பெற்றது. இன்று ஹாபராண்டாவும் பின்லாந்தின் தோர்னியோவும் ஏறக்குறைய ஒரே ஊர்போலத்தான் இயங்குகின்றன. நடுவில் ஒரு மணி நேர வித்தியாசம் இருப்பதால் புத்தாண்டை இரண்டு முறை கொண்டாடலாம். எல்லையின் மேலேயே ஒரு கோல்ஃப் மைதானம்கூட உண்டு. பந்தை அடிக்கும்போது ஒரு நாடு, அது விழும்போது இன்னொரு நாடு, இடையில் ஒரு மணி நேரமும் கழிந்திருக்கும்.

மாவட்டத் தலைமையகம் முதலில் பிதியோவில் இருந்து, 1856-இல் லூலியோவுக்கு மாறியது.

லாப்லாந்து என்பதும் இதுதானா?

பாதிதான். லாப்லாந்து என்பது பழைய மாகாணப் பெயர். சுவீடனின் பழைய மாகாணங்களுக்கு இன்று எந்த நிர்வாக அதிகாரமும் கிடையாது. பேச்சிலும் வானிலை அறிக்கையிலும் சுற்றுலா விளம்பரத்திலும் மட்டுமே உயிரோடு இருக்கின்றன. லாப்லாந்தின் வடபாதி நோர்பொட்டன் மாவட்டத்திலும் தென்பாதி வெஸ்டர்பொட்டனிலும் இருக்கிறது. குழப்பம் தீரவில்லையா? நோர்பொட்டன் என்ற பெயரில் ஒரு மாகாணமும் உண்டு. அது இந்த மாவட்டத்தின் கடற்கரைப் பக்கத்தையும் தோர்ன பள்ளத்தாக்கையும் மட்டும் குறிக்கும்.

சரி, மாவட்டத்தை ஆள்வது யார்?

அதிகம் வருவதும் அதிகம் குழப்புவதும் இந்தக் கேள்விதான். ஒரே நிலத்தின்மேல் மூன்று அமைப்புகள் உட்கார்ந்திருக்கின்றன. ஒன்றுக்கு மேல் ஒன்று என்ற படிநிலையும் கிடையாது. ஒவ்வொன்றுக்கும் வேலை வேறு.

முதலாவது மாவட்ட நிர்வாக வாரியம், சுவீடிஷில் லென்ஸ்டீரெல்சன். இது மத்திய அரசின் கை. இதன் தலைவரான ஆளுநரை அரசு நியமிக்கிறது, மக்கள் தேர்ந்தெடுப்பதில்லை. பதவிக்காலம் வழக்கமாக ஆறு ஆண்டுகள். அரசியல்வாதியாக இருந்து ஓய்வு பெற்றவர்களுக்கு இது கௌரவமான நாற்காலி என்ற கிண்டலும் உண்டு. இந்த ஏற்பாட்டின் வேர் 1634 வரை போகிறது. மன்னராட்சியின் பேரமைச்சர் ஆக்செல் ஒக்சென்ஷியர்னா நாட்டை மாவட்டங்களாகப் பிரித்தபோது, தலைநகரின் ஆணையைக் கடைக்கோடிவரை கொண்டுசேர்ப்பதற்கு ஓர் ஆள் தேவைப்பட்டார். இன்று வாரியத்தின் வேலை இயற்கைப் பாதுகாப்பு, விலங்கு நலன், பேரிடர் ஒருங்கிணைப்பு, வேட்டை உரிமங்கள், கொம்யூன்களின் திட்டங்களைச் சரிபார்ப்பது என்று நீளும். நோர்பொட்டனில் கூடுதலாக ஒன்று: மலைப்பாதைகள். பனிக்காலத்தில் வழி தெரிவதற்காக உயரமான கம்பங்களில் சிவப்புப் பெருக்கல் குறிகள் அடித்திருப்பார்களே, அவற்றைப் பராமரிப்பதும் ஓடைகளுக்கு மேல் பலகைப் பாலம் போடுவதும் இவர்கள் பொறுப்பு.

இரண்டாவது நோர்பொட்டன் பிராந்தியம். எல்லை அதே மாவட்ட எல்லைதான், ஆனால் இது மக்கள் தேர்ந்தெடுக்கும் அவை. சொந்தமாக வரி விதிக்கும் உரிமை இதற்கு உண்டு. முக்கிய வேலை மருத்துவம்.

மூன்றாவது கொம்யூன்கள். மொத்தம் பதினான்கு. பள்ளிக்கூடம், முதியோர் பராமரிப்பு, குடிநீர், தீயணைப்பு, எந்த இடத்தில் என்ன கட்டலாம் என்ற திட்டம் எல்லாம் இவர்களிடம். கொம்யூன் என்றால் ஒரு ஊர் என்று நினைத்துவிடக் கூடாது. ஊர், காடு, மலை, ஏரி எல்லாம் அதற்குள் அடக்கம். கிருணா கொம்யூன் மட்டுமே ஏறத்தாழ இருபதாயிரம் சதுர கிலோமீட்டர்.

காவல்துறையும் நீதிமன்றமும் இந்த மூன்றிலும் சேராது. அவை நேரடியாக நாட்டின் நிறுவனங்கள்.

பதினான்கு கொம்யூன்கள் எவை?

கடற்கரையில் பிதியோ, லூலியோ, காலிக்ஸ், ஹாபராண்டா. கொஞ்சம் உள்ளே பூடன், எல்வ்ஸ்பின், ஓவர்காலிக்ஸ், ஓவர்தோர்னியோ. பின்லாந்து எல்லையோரம் வடக்கே பையாலா. உள்நாட்டிலும் மலைப்பக்கத்திலும் கிருணா, யெல்லிவாரே, யோக்மோக், ஆர்விட்ஸ்யவுர், ஆர்யெப்லோக்.

பிராந்தியத் தேர்தலில் மருத்துவமனை ஏன் இவ்வளவு பெரிய விஷயம்?

தூரம்தான். மாவட்டத்தில் ஐந்து மருத்துவமனைகள் உள்ளன: லூலியோவுக்கும் பூடனுக்கும் நடுவில் சுண்டர்பி, அப்புறம் பிதியோ, காலிக்ஸ், யெல்லிவாரே, கிருணா. பிரசவம் பார்ப்பது சுண்டர்பியிலும் யெல்லிவாரேயிலும் மட்டும். கிருணாவில் ஒரு பெண்ணுக்கு வலி எடுத்தால் நூறு கிலோமீட்டருக்கு மேல் பயணித்து யெல்லிவாரே போக வேண்டும், அதுவும் ஜனவரி மாதத்தில் பனிச்சாலையில், கலைமான்கள் குறுக்கே வரும் பாதையில். மூளை அறுவை சிகிச்சை போன்றவற்றுக்கு மாவட்டத்தையே தாண்டி ஊமியோ பல்கலைக்கழக மருத்துவமனைக்குப் போகிறார்கள்.

இதனால்தான் மருத்துவமனை ஒன்றை மட்டுமே பிரச்சினையாக வைத்து ஒரு கட்சி தொடங்கவும் முடிந்தது, ஜெயிக்கவும் முடிந்தது. நோர்பொட்டன் சுகாதாரக் கட்சி 2018 தேர்தலில் பெரிய அளவில் வென்று மற்ற கட்சிகளோடு கூட்டணி அமைத்தது. 1934 முதல் விடாமல் பிராந்தியத்தை ஆண்ட சமூக ஜனநாயகக் கட்சி அன்று எதிர்க்கட்சி வரிசைக்குப் போனது. வடக்கின் சுரங்கத் தொழிலாளர் வாக்கு அந்தக் கட்சியின் கோட்டை என்று கருதப்பட்டுவந்த இடத்தில் இது சாதாரண விஷயம் அல்ல.

கிருணா நகரத்தையே இடம் மாற்றுகிறார்களாமே?

ஆமாம். கிருணாவின் இரும்புத்தாதுப் பாளம் தரைக்கடியில் சாய்வாக இறங்கி நகரத்தின் பக்கம் போகிறது. தோண்டத்தோண்ட மேலே உள்ள நிலம் விரிசல் விட்டுச் சரிகிறது. சுரங்கத்தை நடத்துவது எல்கேஏபி நிறுவனம், 1890-இல் தொடங்கியது, இன்று முழுக்க அரசுக்குச் சொந்தம். தோண்டுவது தொடர்ந்தால் நகரம் நகர வேண்டியிருக்கும் என்று நிறுவனம் 2004-இல் கொம்யூனுக்குத் தெரிவித்தது. ஊர் இருப்பதே சுரங்கத்தால் என்பதால், வேண்டாம் என்று சொல்வதற்கு இடமே இல்லை. கிழக்கே சுமார் மூன்று கிலோமீட்டர் தள்ளிப் புதிய மையம் எழும்பியது. புது நகரமன்றம் 2018-இலும் புது நகர மையம் 2022-இலும் திறக்கப்பட்டன.

உலகமே வேடிக்கை பார்த்தது தேவாலயத்தைத்தான். 1912-இல் கட்டிய மரத் தேவாலயம் அது, எடை 672 டன். அதைப் பிரிக்காமல், அப்படியே சக்கர வண்டிகளின் மேல் ஏற்றி 2025 ஆகஸ்ட் 19, 20 தேதிகளில் ஐந்து கிலோமீட்டர் ஓட்டிக்கொண்டு போனார்கள். அது போவதற்காகவே சாலையை அகலப்படுத்தினார்கள். மணிக்கு அரை கிலோமீட்டர் வேகம்தான். தொலைக்காட்சியில் மணிக்கணக்காக நேரலை ஓடியது.

அதைவிட எனக்குச் சுவாரசியமாகப் படுவது யார் எதை முடிவெடுத்தார்கள் என்பது. சுரங்க உரிமம் அரசு தருகிறது. சுரங்க நிறுவனம் அரசுடையது. புது நகரம் எங்கே, தெரு எப்படி என்ற திட்டம் கொம்யூனுடையது. இழப்பீடு சுரங்கச் சட்டப்படி நிறுவனம் தர வேண்டும். அரசு ஒரு பக்கம் உரிமையாளராகவும் மறுபக்கம் உரிமம் தருபவராகவும் உட்கார்ந்திருக்க, நடுவில் இருபதாயிரம் சொச்சம் பேர் கொண்ட ஒரு கொம்யூன் பேரம் பேச வேண்டியிருந்தது. யெல்லிவாரேக்குப் பக்கத்திலுள்ள மால்ம்பெரியெத் என்ற ஊரிலும் இதே கதைதான். அங்கே புது நகரம்கூட எழும்பவில்லை. பெரும்பாலான மக்கள் யெல்லிவாரேக்கே குடிபெயர வேண்டியதாயிற்று.

சுரங்கமும் நீர்மின்சாரமும் இருக்கும்போது மாவட்டம் பணக்கார மாவட்டமாகத்தானே இருக்க வேண்டும்?

மாவட்டம் பணத்தை உண்டாக்குகிறது. வைத்துக்கொள்வது வேறு இடம். சுவீடனில் கொம்யூனுக்கும் பிராந்தியத்துக்கும் போவது அங்கே குடியிருப்பவர்களின் வருமான வரி. நிறுவன லாப வரி முழுக்க மத்திய அரசுக்கு. அரசு நிறுவனத்தின் ஈவுத்தொகையும் அங்கேதான் போகும். நீர்மின் நிலையங்களின் சொத்து வரியும் அப்படியே.

லூலே ஆற்றை எடுத்துக்கொள்வோம். சுவீடனின் மின்சாரத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு இந்த ஒரே ஆற்றிலிருந்து வருகிறது. பெரிய நிலையங்கள் பலவும் யோக்மோக் கொம்யூனில்தான் உள்ளன. அங்கே குடியிருப்பவர்கள் ஐயாயிரம் பேர் அளவில். அவர்களுடைய வருமான வரியில்தான் பள்ளிக்கூடம் நடக்க வேண்டும். கொம்யூன்களுக்கு இடையே ஏற்றத்தாழ்வைச் சரிசெய்யும் நிதிப் பகிர்வு முறை இருக்கத்தான் செய்கிறது, அது இல்லாவிட்டால் இந்த ஊர்கள் என்றைக்கோ திவாலாகியிருக்கும். ஆனாலும் நார்வேயில் நீர்மின் வருமானத்தில் ஒரு பகுதி உள்ளூருக்கே போகிறது என்பதை எல்லைக்கு இந்தப் பக்கம் இருந்து பார்க்கிறவர்களுக்கு வயிறு எரிவது நியாயம்தான்.

சுரங்க வேலைக்கு வருகிறவர்களிலும் பலர் தெற்கில் குடியிருந்துகொண்டு, இரண்டு வாரம் வந்து வேலைபார்த்துவிட்டு விமானம் ஏறிவிடுகிறார்கள். அவர்கள் வரி கட்டுவது சொந்த ஊர் கொம்யூனுக்கு. அவர்கள் ஓட்டும் சாலையும் குடிக்கும் தண்ணீரும் மட்டும் இந்தக் கொம்யூனுடையவை.

எல்லா ஆறுகளிலும் அணை கட்டிவிட்டார்களா?

இல்லை. தோர்ன, காலிக்ஸ், பிதே ஆகிய மூன்றும் தேசிய ஆறுகள் என்று சட்டத்தால் காக்கப்பட்டவை. சால்மன் மீன் இன்னும் கடலிலிருந்து மேலேறி வரும் தோர்ன ஆறு ஐரோப்பாவின் முக்கியமான சால்மன் ஆறுகளில் ஒன்று.

லூலே ஆற்றுக்கு அந்த அதிர்ஷ்டம் கிடைக்கவில்லை. ஸ்டோரா ஷோஃபலெத் தேசியப் பூங்கா 1909-இல் அறிவிக்கப்பட்டது. அந்தப் பெயரே அங்கிருந்த பெரிய அருவியால் வந்தது. பத்து ஆண்டுகள் கழித்து, 1919-இல், நாடாளுமன்றம் அருவியும் ஏரிகளும் இருந்த பகுதியையே பூங்காவிலிருந்து வெட்டி எடுத்து நீர்மின் திட்டத்துக்குக் கொடுத்தது. சுவோர்வா அணை வந்தது, பின்பு பலமுறை உயர்த்தப்பட்டது. ஒவ்வொரு முறையும் ஏரிக்கரையில் இருந்த, வடக்கின் பழங்குடியினரான சாமி மக்களின் குடில்களும் மேய்ச்சல் நிலங்களும் தண்ணீருக்கடியில் போயின. அருவியின் பெயர் மட்டும் பூங்காவில் இருக்கிறது.

சாமி மக்களுக்குத் தனி அரசு உண்டா?

அரசு இல்லை, நாடாளுமன்றம் உண்டு. 1993-இல் தொடங்கிய சாமி நாடாளுமன்றத்தின் தலைமையகம் கிருணாவில் இருக்கிறது. மக்கள் தேர்ந்தெடுக்கும் அவையாகவும் மத்திய அரசின் ஒரு துறையாகவும் ஒரே நேரத்தில் இருப்பது அதன் வினோதம். அரசை விமர்சிக்கவும் வேண்டும், அரசு ஒதுக்கும் பணத்தில் இயங்கவும் வேண்டும்.

தரையில் முக்கியமானவை சாமிபி எனப்படும் கலைமான் வளர்ப்பு அமைப்புகள். சுவீடனில் 51 சாமிபிகள், அவற்றில் 32 நோர்பொட்டனில். இவை ஊர்கள் அல்ல. மலையிலிருந்து கடற்கரைக் காடுவரை நீளும் மேய்ச்சல் நிலத்தையும், அங்கே கலைமான் வளர்க்கும் குடும்பங்களையும் சேர்த்துச் சொல்லும் சட்ட அமைப்பு.

2020 ஜனவரியில் உச்சநீதிமன்றம் தந்த தீர்ப்பு ஒன்றைத் தெரிந்துகொள்வது நல்லது. யெல்லிவாரே பகுதியைச் சேர்ந்த யிர்யாஸ் சாமிபி அரசுக்கு எதிராகப் பத்தாண்டுக்கு மேல் வழக்கு நடத்தியது. தன் மலைப்பகுதியில் சிறு விலங்கு வேட்டைக்கும் மீன்பிடிக்கும் யாருக்கு அனுமதி தருவது என்ற உரிமை அரசுக்கா, சாமிபிக்கா? அதுவரை மாவட்ட நிர்வாக வாரியம்தான் அனுமதிச்சீட்டு விற்றுவந்தது. நீண்டகாலப் பயன்பாட்டின் அடிப்படையில் அந்த உரிமை சாமிபிக்கே என்று நீதிமன்றம் சொன்னது. தீர்ப்பு யிர்யாஸுக்கு மட்டும் பொருந்தும் என்றாலும், மற்ற சாமிபிகளும் கேட்கத் தொடங்கின. உள்ளூரில் வேட்டைப் பழக்கமுள்ள, ஆனால் கலைமான் வளர்க்காத மக்களுக்கும் சாமி மக்களுக்கும் இடையே கசப்பும் கூடியது. தீர்ப்பு வந்த நாட்களில் கலைமான்களைக் கொன்றதும் மிரட்டல் விடுத்ததும் நடந்தன.

லூலியோ நகரம் இடம் மாறியது என்கிறார்களே, அங்கேயும் சுரங்கமா?

அங்கே காரணம் கடல். பனியுகத்தில் கிலோமீட்டர் கணக்கான பனிப்பாளம் அழுத்தியதால் தாழ்ந்த நிலம், பனி உருகிய பின் இன்னும் மெல்ல மேலெழுந்துகொண்டிருக்கிறது. லூலியோ பக்கம் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. சிறிய அளவுதானே என்று தோன்றும். நூறு ஆண்டில் அது ஒரு குழந்தையின் உயரம். 1621-இல் நிறுவிய துறைமுக நகரம் 28 ஆண்டுகளிலேயே துறைமுகத்துக்கு லாயக்கற்றுப் போய், 1649-இல் கடலை நோக்கி நகர்ந்தது.

பழைய இடம் கம்மல்ஸ்டாட் என்ற பெயரில் அப்படியே நின்றது. நடுவில் பதினைந்தாம் நூற்றாண்டின் கல் தேவாலயம். சுற்றிலும் சிவப்புச் சாயம் பூசிய நானூறுக்கும் மேற்பட்ட சிறு மரவீடுகள். அந்த வீடுகளில் யாரும் நிரந்தரமாகக் குடியிருந்ததில்லை. தேவாலயத்திலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்ப முடியாத தூரத்தில் இருந்தவர்கள், ஞாயிறு வழிபாட்டுக்கும் திருவிழாவுக்கும் வந்து தங்குவதற்காகக் கட்டியவை. 1996-இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அதே ஆண்டில் சாரெக் உள்ளிட்ட பூங்காக்கள் அடங்கிய லாப்போனியாவும் பட்டியலில் ஏறியது.

சுவீடனின் மிக உயரமான மலை இங்கேதானா?

கெப்னகைசே, கிருணா கொம்யூனில். ஆனால் எந்த உச்சி என்று கேட்க வேண்டும். தெற்கு உச்சியின் மேல் பனிப்பாளம் இருக்கிறது, அது உருகிக்கொண்டே வந்ததால் 2019 அளவீட்டில் பாறையான வடக்கு உச்சியைவிடத் தாழ்ந்துவிட்டது. வடக்கு உச்சி 2,096 மீட்டர் சொச்சம். பழைய பள்ளிப் புத்தகங்களில் இருக்கும் 2,111-ஐ மறந்துவிடலாம்.

குளிர் எவ்வளவு இருக்கும்?

நாட்டின் அதிகாரபூர்வமான குறைந்தபட்சம் ஆர்யெப்லோக் கொம்யூனிலுள்ள வோகட்ஷோல்மேயில் 1966 பிப்ரவரி 2 அன்று பதிவான மைனஸ் 52.6 டிகிரி. இது சாதனை, தினசரி நிலவரம் அல்ல. கடற்கரையில் குளிர் கொஞ்சம் மிதம்தான். கிருணாவில் டிசம்பரில் சில வாரங்கள் சூரியன் அடிவானத்துக்கு மேல் வராது, கோடையில் பல வாரங்கள் மறையாது. லூலியோ ஆர்க்டிக் வட்டத்துக்குத் தெற்கே இருப்பதால் அங்கே இரண்டும் முழுமையாக நடப்பதில்லை. அங்கே குளிர்காலத்தில் உறைந்த கடலின் மேல் சாலை போட்டுத் தீவுகளுக்குக் கார் ஓட்டுகிறார்கள்.

என்ன மொழி பேசுகிறார்கள்?

சுவீடிஷ்தான் பொது. அதோடு சாமி மொழிகள், பின்னிஷ், தோர்ன பள்ளத்தாக்கின் மியான்கீலி. 1809 எல்லை இந்தப் பக்கம் நிறுத்திவிட்ட பின்னிஷ் பேச்சு, தனியே வளர்ந்து மியான்கீலி ஆனது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை பள்ளிகளில் அதைப் பேசினால் தண்டனை. 2000 முதல் சுவீடனின் தேசிய சிறுபான்மை மொழிகளில் மியான்கீலியும் ஒன்று. பள்ளியில் அதை இழந்த தலைமுறைக்கு நடந்தது என்ன என்று ஆராய்ந்த உண்மை ஆணையம் 2023-இல் அறிக்கை தந்தது.

இங்கே குடியேறிய வெளிநாட்டவர் வாக்களிக்க முடியுமா?

நாடாளுமன்றத்துக்கு முடியாது, அதற்குச் சுவீடன் குடியுரிமை வேண்டும். கொம்யூனுக்கும் பிராந்தியத்துக்கும் முடியும். ஐரோப்பிய ஒன்றியம், நார்வே, ஐஸ்லாந்து நாட்டவர் என்றால் குடியிருப்புப் பதிவு இருந்தாலே போதும். மற்றவர்கள் தொடர்ந்து மூன்று ஆண்டுகள் பதிவில் இருந்திருக்க வேண்டும். வயது 18.

மூன்று தேர்தலும் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை செப்டம்பர் இரண்டாம் ஞாயிறன்று ஒன்றாக நடக்கும். 2022-க்கு அடுத்தது 2026. மஞ்சள் சீட்டு நாடாளுமன்றத்துக்கு, நீலச் சீட்டு பிராந்தியத்துக்கு, வெள்ளைச் சீட்டு கொம்யூனுக்கு. ஆளுநருக்குச் சீட்டு எதுவும் கிடையாது. மருத்துவமனை பற்றிய கோபம் என்றால் நீலத்தில் காட்டுங்கள், பள்ளிக்கூடம் பற்றியது என்றால் வெள்ளையில்.